பெடலில் இருந்தது என் கால்

எட்டடித் தகட்டை வளைக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை அண்ணா கையில், மறுமுனை என் கையில். தகட்டின் மேல் மெஷினின் அச்சை இறக்கும் பெடல் என் காலடியில். தகடு கோட்டில் சரியாக உட்கார்ந்ததும் அவர் விரல்களை வெளியே எடுத்துக்கொண்டு "போடு" என்பார். நான் "போட்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். எந்தப் போர்டிலும் எழுதி மாட்டாத சட்டம் இது. திருமுடிவாக்கத்து ஷெட்டில் நான் சேர்ந்த முதல் நாள் அவர் வைத்தது. பக்கத்து மெஷின்களின் இரைச்சலை மீறி அந்தக் குரல் கேட்கும். எனக்கு அவர் உறவுமுறையில் ஒன்றுமில்லை. அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

அவருக்கு முடிச்சூர், எனக்கு அஸ்தினாபுரம். அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக் எங்களுக்கு வரும், எங்கள் வீட்டுச் சுண்டல் அங்கே போகும். அவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. டீ குடிக்கும்போது ஒருவரையொருவர் வாருவோம், அத்தோடு சரி. அந்த நாடாளுமன்றத் தேர்தலில்தான் எல்லாம் கெட்டது. ஷெட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்து அசிங்கப்படுத்தினார்கள். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து உட்கார்ந்தோம். இதில் நான் யாருக்கும் சளைத்தவனாக இல்லை.

ஓட்டு எண்ணி முடித்த மறுநாள், டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், ஜெயித்த மிதப்பில் அவரைப் பார்த்துக் கேட்டேன்: "உங்காளுங்களுக்கு இனிமே இங்க இன்னா வேல?"

கட்சியைத்தான் சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் கழுத்தில் கிடந்த சிலுவையையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவருக்கும் அது புரிந்தது.

"யார்ரா எங்காளுங்க? தெனம் உன் பக்கத்துல நிக்கிறேனே, நான் யாரு ஒனக்கு?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. பேச்சோடு "போடு"வும் நின்றது. அவர் தலையசைப்பார், நான் மிதிப்பேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, புருஷன் பொண்டாட்டி சண்டையா என்று கிண்டலடித்தார். மெஷினை நிறுத்தச் சொல்லவில்லை. பதினோரு நாள் அப்படியே ஓட்டினோம். பன்னிரண்டாம் நாள் மத்தியானம், தகட்டின் கோடு விலகியிருக்கிறதா என்று பார்க்க அவர் தலையைத் தாழ்த்தினார். தலையசைக்கிறார் என்று நினைத்து நான் மிதித்தேன்.

அவர் கத்தவே இல்லை. கத்தியது நான்தான். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய மனைவி எனக்கும் சேர்த்துத் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார். எப்படி ஆனது என்று அவருக்கு அப்போது தெரியாது.

கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தார்கள். என் மேல் தப்பென்று எழுதினால் வேலை போகும், கேஸும் வரலாம். கட்டுப் போட்ட கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டு அண்ணா சொன்னார்: "அவன் மேல தப்பில்ல சார். கைய எடுக்காம நான்தான் போடுன்னு சொல்லிட்டேன்." பதினோரு நாளாக அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. நான் குறுக்கே பேசவில்லை. கோழை மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து நாள் கழித்து முடிச்சூருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்துவிட்டார். "ஒன்ன காப்பாத்தினேன்னு நெனச்சிக்காத. நீ மொதல்ல பேசட்டும்னு நானும் வாய மூடிகினுதான இருந்தேன்." நானும் அதே வீம்பில்தான் இருந்தேன் என்று சொல்லாமலே காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் அப்படிப் பாதிப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டதில் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதற்காக இன்றுவரை கூசுகிறேன்.

ஷெட்டில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சாப்பாட்டு நேரத்தில் இப்போது எல்லோரும் ஒன்றாகத்தான் உட்காருகிறோம். யாரும் அரசியல் பேசுவதில்லை. அது ஒற்றுமையா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து சட்டமன்றத் தேர்தல் வந்தது. கிளட்சைப் பிடிக்க அவருக்கு விரல் போதாது. வண்டி ஓட்டுவதை விட்டிருந்தார். காலையிலேயே என் ஓட்டைப் போட்டுவிட்டு, முடிச்சூருக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டு அவருடைய வாக்குச்சாவடியில் விட்டேன். அவர் ஓட்டு யாருக்கென்று எனக்குத் தெரியும், என் ஓட்டு யாருக்கென்று அவருக்குத் தெரியும். வெளியே வந்தவரின் மோதிர விரலில் மை ஈரமாக இருந்தது. வண்டியில் ஏறிய பிறகு சொன்னார்.

"மை வெக்கிற மேடம் ஆள்காட்டி விரல நீட்டுங்கன்னாங்க. கையக் காட்டினேன். பாத்துட்டு, மன்னிச்சிக்கங்க சார்னாங்கடா. பாவம், மொகமே வாடிப்போச்சு."

எதுவும் செய்யாத ஒரு பெண் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதற்குமேல் என்னால் வண்டி ஓட்ட முடியவில்லை. மெயின் ரோட்டிலேயே ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அன்று டீக்கடையில் நான் கேட்டதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பஸ்களும் லாரிகளும் உரசிக்கொண்டு போயின. அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நடுவில் நிறுத்தவும் இல்லை. நான் சொல்லி முடிக்கும் வரை இறங்காமல் என் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்.