செங்கொடி மட்டும் இருக்கிற படம்

எதிர்வீட்டுச் செங்கொடி கல்யாணமாகித் திருவொற்றியூர் வந்ததிலிருந்து எனக்குப் பழக்கம். அவள் போனில் படங்கள் கொட்டிக் கிடக்கும். பிள்ளைகள் இருப்பார்கள், புருஷன் பாரி இருப்பான், பிறந்தநாள் கேக் கூட இருக்கும். இவள் இருக்க மாட்டாள். எடுப்பதே இவள்தானே. தப்பித்தவறி விழுந்த ஒன்றிரண்டிலும் போன் அவள் கறுப்பு முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கும். மூக்கோரத்து அம்மைத் தழும்பையும் துடைத்துவிடும்.

"செத்தா மாலை போட்றதுக்குக்கூட வேற எவ மூஞ்சியோதான் மாட்டுவானுங்க" என்பாள். "எனக்குன்னு ஒரு படம் வேணும்க்கா. என் மூஞ்சியோட."

மூன்றாவது மாடி பீம்ராவுக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் சரிபார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் பழைய பிலிம் கேமராவோடு நிற்பான். கறுப்பு வெள்ளைதான். பிலிம் விற்கிற விலைக்கு ஆளுக்கு ஒரே கிளிக். வேலையற்ற கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்டூலில் உட்கார வைத்தான். கேமராவைத் தூக்கவேயில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். வெயிலுக்குத் தோதாக ஸ்டூலை நகர்த்தினான். மறுபடி பார்த்தான். செங்கொடி பல்லைக் காட்டினாள். முந்தானையை இழுத்துவிட்டாள். பிறகு ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாள். அப்போதுதான் எடுத்தான்.

"காட்டு தம்பி" என்றாள்.

"இன்னாத்த காட்றது? கழுவுனாதான்க்கா தெரியும். ரோல் முடியணும்."

மழையும் சேர்ந்துகொண்டதில் அது முடிய மாசங்கள் ஆயின. தினமும் அவனைப் படிக்கட்டில் மறித்தாள்.

"ஒரு போட்டோக்கு இவ்ளோ ஆலாப்பறப்பாடி?" என்றேன்.

"அவ்ளோ நேரம் என்னிய ஆருக்கா பாத்துகிறாங்க?"

மறுநாள் படிக்கட்டில் நானும் சேர்ந்து அவனை மறித்தேன்.

படம் வந்தது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது, தழும்பும் இருந்தது. அழகி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ரேஷன் கடை வரிசையில் இவள் இப்படித்தான் நிற்பாள்.

பாரி டிரெய்லர் ஓட்டுகிறான். காட்டுப்பள்ளி துறைமுக வாசலில் வண்டி வரிசையில் மாட்டினால் வீடு வர நாளாகும். வந்தாலும் ஒரு கண் சோற்றில், ஒரு கண் போனில். அன்று படத்தைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவில்லை.

"இன்னாமே, இது எப்ப எட்த்தது?" என்றான். கிளம்பும்போது அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் வரிசையிலிருந்து போன் செய்தான். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "வண்டி கண்ணாடில ஒட்டிகிறேன்மே. உன்னியதான் பாத்துகினு குந்திகிறேன்."

"அது என்துய்யா. நானே இன்னும் சரியா பாக்கல."

பீம்ராவிடம் போய்ச் சொன்னேன். "நெகட்டிவ் கீதுக்கா, இன்னொண்ணு போட்டுத் தரேன்" என்றான். செங்கொடி வேண்டாம் என்றுவிட்டாள்.

"லூசாடி நீ?"

"இன்னொண்ணு கெட்ச்சிட்சின்னா எட்த்துனு போனத்த அவனே வச்சிக்குவான். வூட்டாண்ட கொண்டாந்து குடுன்னு சொல்லிகிறேன். எதிர்ல குந்தி, என்னிய பாத்து குடுக்கட்டும்."

வரிசை இன்னும் நகரவில்லையாம். இவள் எண்ணெய் வைத்துத் தலைபின்னி, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ரோட்டில் ஒவ்வொரு டிரெய்லர் ஆரன் அடிக்கும்போதும் எழுந்துகொள்கிறாள்.