எருமை குடித்த மீதி

பாசிக்கும் எனக்கும் ஜென்மப் பகை. கல்யாணமான புதிதில் குளத்துப் படியில் வழுக்கி, மாமனார் கண்ணெதிரே வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போனோம். அன்றிலிருந்து பச்சையாக எதைக் கண்டாலும் தேய்த்துவிடுவேன். மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அது வேறு கதை.

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளுவது என் வேலை. ஒரு வருஷம், காலேஜில் ஆராய்ச்சி படிக்கிற பெண் ஒருத்தி வந்து, பாய்லருக்குப் பின்னால் ஆளுயரத்தில் எட்டு கண்ணாடிக் குழாய்களை நிறுத்தினாள். உள்ளே பச்சைத் தண்ணீர். புகைபோக்கியிலிருந்து பைப் போட்டு, புகையை ஆறவைத்து அதற்குள் குமிழ் குமிழாக விட்டாள்.

“இன்னாம்மா, பாசிக்கு பீடி குடிக்க கத்துக் குடுத்துக்கினு கீறியா?”

“ஆமாய்யா. புகையில இருக்கற கரியமில வாயுவத் தின்னுட்டு வளரும்.”

தண்ணீர் கரும்பச்சையாக மூன்று மாசம் ஆனது. ஆயுத பூஜை கழிந்த பத்தாம் நாள் அவளுடைய சார் பார்க்க வருவதாக இருந்தது. அவர் தலையாட்டினால் படிப்பு. இல்லையென்றால் ஊரில் மாப்பிள்ளை தயார். லீவுக்குப் போகும்போது, “பத்திரமா பாத்துக்குங்கய்யா” என்றாள்.

பார்த்துக்கொண்டேன். ஆயுத பூஜைக்கு எங்கள் ஆலையில் மோட்டார், தராசு, ஸ்கூட்டர் எல்லாம் குளிக்கும். முதலாளியைப் பற்றி எனக்குத் தெரியாது. இந்தப் பெண்ணின் குழாய் மட்டும் அழுக்காக நிற்பதா? சாமி என்னையல்லவா கேட்கும்? பச்சைத் தண்ணீரை வாசலில் கொட்டினால் எவனாவது வழுக்குவான் என்று, ஆலைக்குப் பின்னால் கட்டியிருந்த முதலாளியின் எருமைக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியில் ஊற்றினேன். ப்ளீச்சிங் பவுடர் போட்டு, கம்பில் தேங்காய் நார் கட்டிக் குழாய்களைத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்தேன்.

ரெண்டு நாள் கழித்து வந்தவள் அப்படியே நின்றாள்.

“பாரும்மா, எப்டி கீது! மொகம் பாத்து பவுடர் போடலாம்.”

உமிக் குவியலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அழுக்கா கீதேன்னுதான்…”

“அந்த அழுக்குதான்யா என் படிப்பு. எங்க கொட்டினீங்க?”

“எருமைக்கு.”

ஓடினோம். மூஞ்சியெல்லாம் பச்சையாக எருமை நின்றது. நான் வாலைப் பிடித்து இழுக்க, அவள் கொம்பைத் தள்ளினாள். தொட்டியடியில் ஒரு ஜாண் மிச்சமிருந்தது. பாசி அதற்கும் பிடிக்கவில்லை போல. துப்பட்டாவில் வடிகட்டி, ப்ளீச்சிங் வாடை போகக் குழாய்களை அலசி ஊற்றினாள். மூன்று குழாய்க்குத்தான் வந்தது. மற்ற ஐந்தில் கிணற்றுத் தண்ணீர்.

பத்தாம் நாள் சார் வந்தார். “ஏன் மூணு மட்டும் பச்சையா இருக்கு?”

நான் “எருமை…” என்று ஆரம்பித்தேன். என் காலை மிதித்தாள்.

“மத்தது வெறும் தண்ணி சார். ஒப்பிட்டுப் பாக்க.”

“நல்ல யோசனை! அப்ப இந்தக் குங்குமம்?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பூஜைக்கு வெச்சது சார்,” என்றேன். “இதுவும் ஆயுதம்தான?”

சார் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.