அன்று அவர் அங்கே இருந்தார்

என் கணவர் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். ராணுவத்தில் இருந்தபோது மலைச் சரிவில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வார். இரும்புலியூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும். கல்யாணமாகிப் பல வருடம் வரை எனக்கு அதில் சந்தேகப்பட எதுவும் இருக்கவில்லை.

அது பொய் என்று தெரிந்தது அவர் ஒரு நாள் கோவளம் போய்விட்டு வந்தபோது. அவரோடு பட்டாளத்தில் இருந்த நண்பர் ஒருவர் கோவளத்துக்காரர். வடக்கே எல்லையில் குண்டு விழுந்து இறந்துபோனவர். அவருடைய மகளுக்குக் கல்யாணம் என்று யாரோ சொல்ல, இவர் ஒரு பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் புடவைப் பையோடேயே திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"நம்ப மாட்டேங்கறாங்க."

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார். அவர் வழுக்கி விழவே இல்லை. அவர் டெலிபோன் லைன் பார்க்கிற வேலையில் இருந்தவர். அன்றைக்கு மேலே இருந்த பதுங்கு குழிக்குப் போகிற கம்பி அறுந்துவிட்டது என்று சரிசெய்யப் போயிருக்கிறார். உள்ளே அந்தக் கோவளத்து நண்பரும் இன்னொருவரும் இருந்தார்கள். இவரும் உள்ளே போனார். நண்பர் ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருந்தார். குண்டு விழுந்து கூரைக் கட்டைகள் மொத்தமும் சரிந்தன. இவர் இடுப்பும் காலும் நசுங்கி உயிரோடு கிடந்தார். மற்ற இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள்.

"அவன் அந்த நொடியே போயிட்டான். நான் பக்கத்துலயே இருந்தேன், அவன் கைய பிடிச்சிருந்தேன். ஆனா மண்ணுல புதைஞ்சு கெடந்தாங்க, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் எடுத்தாங்கன்னு வீட்டுக்கு லெட்டர் போயிருக்கு. உள்ள உயிரோட கத்திக்கிட்டே இருந்திருப்பான்னு அவன் பொண்டாட்டி இத்தன வருஷமா நெனச்சிட்டு இருக்கு. அப்படி இல்லன்னு சொல்லத்தான் போனேன்."

சொன்னதற்கு, இறந்தவரின் தம்பி வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறார்: "ஆர்மிலேர்ந்து வந்த பேப்பர்ல அந்த எடத்துல ரெண்டு பேர்தான் இருந்தாங்கன்னு கீது. உன் பேரு எங்க கீது? எங்க அண்ணன் பேர சொல்லிகினு இதுக்கு முன்னாடியும் ரெண்டு பேரு வந்துட்டான். போய்யா." இறந்தவரின் மனைவி, அந்த அம்மா, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"உங்க பேரு ஏன் இல்ல?" என்றேன்.

"கிளார்க் வேற மாதிரி எழுதிட்டாரு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

தாம்பரத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கு உதவி செய்கிற ஒரு சார் இருந்தார். அவர்தான் வழி சொன்னார். சும்மா ரெக்கார்டைத் திருத்துங்கள் என்று எழுதினால் யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். போரில் காயம்பட்டவர்களுக்கு ஒரு பதக்கம் உண்டு. அதைக் கேட்டு மனு செய்தால், கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யவாவது பழைய ரெக்கார்டைத் திறந்தாக வேண்டும். என் கணவருக்குப் பதக்கத்தில் ஆசையே இல்லை. அது இல்லாமல் மற்றது நடக்காது என்பதால் கையெழுத்துப் போட்டார்.

பதில் வந்தது. பாதையில் வழுக்கி விழுந்து ஏற்பட்ட காயம் என்று பதிவாகியிருக்கிறது, நேரில் பார்த்த சாட்சி இருந்தால் தெரிவிக்கவும் என்று. அப்போதிருந்த மேஜர் காலமாகிவிட்டார். தோண்டி எடுத்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. தெரிந்த ஒரே ஆள், அதை எழுதிய கிளார்க். அவர் ரொம்பத் தூரத்திலும் இல்லை. முடிச்சூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு இருந்தார். எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுவார்கள். என் கணவரும் அவரும் மாதா மாதம் ராணுவக் கேன்டீனில் பார்த்துக்கொள்வார்கள், டீ குடிப்பார்கள். ஆனால் இந்த விஷயத்தைக் கேட்கவே மாட்டேன் என்று என் கணவர் ஒரே பிடியாக நின்றார்.

"அவரு எனக்கு நல்லது பண்ணவரு. இப்ப போய் அவர மாட்டி விடச் சொல்றியா?"

தப்பாக எழுதியவர் எப்படி நல்லது செய்தவர் ஆவார் என்று எனக்குப் புரியவில்லை. என் கணவர் ராத்திரியில் புரண்டு படுப்பதையும், பட்டுப்புடவையைப் பீரோவில் வைத்துவிட்டுப் பிறகு எடுத்து எடுத்துப் பார்ப்பதையும் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் பத்தாவது வரைதான் படித்தவள். கடையில் பாக்கிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவள், அவர் வேலைக்குப் போன பிறகு முடிச்சூர் பஸ் ஏறினேன்.

பாய் வீட்டில் அவர் மனைவி கதவைத் திறந்தார். இரண்டு தெரு தள்ளி இறங்கி, சேற்றில் நடந்து வந்ததில் என் புடவைக் கரையெல்லாம் மண். உட்கார வைத்து மோர் கொடுத்தார். பாய் உள்ளேயிருந்து வந்தார். நான் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. "அண்ணா, அந்த ரெக்கார்டு..." என்றதோடு நின்றுவிட்டேன்.

"அவன் ஏன் வரல?" என்றார் பாய்.

"உங்கள கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாருண்ணா. நான் வந்தது அவருக்குத் தெரியாது."

"இவ்ளோ வயசாச்சு, இப்ப எதுக்கும்மா மெடலு? பீரோல பூட்டி வெக்கவா?"

கோவளத்து விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, முன்னும் பின்னுமாகத்தான் சொல்லியிருப்பேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். அவர் மனைவிதான் முதலில் பேசினார்.

"தப்பா எழுதினேன்னு இவரு கையெழுத்து போட்டா பென்ஷன நிறுத்த மாட்டாங்களா? எனக்கு பேஜாரா இருக்கும்மா. நீ தப்பா எடுத்துக்காத."

"இல்லக்கா" என்று நான் எழுந்துவிட்டேன். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

"உக்காரும்மா" என்றார் பாய். "ஏன் அப்படி எழுதினேன்னு அவன் உன்கிட்ட சொல்லலியா?"

"இல்லண்ணா."

"உனக்காகத்தான் எழுதினேன்."

போர்க்காயம் என்று எழுதினால் உடனே வீட்டுக்குத் தந்தி போகும். அதுதான் முறை. எங்கள் பக்கத்தில் தந்தி என்றால் சாவு என்றுதான் அர்த்தம். தந்திக்காரர் சைக்கிளைத் தெருமுனையில் நிறுத்தினாலே பெண்கள் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள், பிரித்துப் படிப்பதெல்லாம் அப்புறம்தான். என் அப்பா இறந்ததும் எனக்குத் தந்தியில்தான் வந்தது. அப்போது நான் மாசமாக இருந்தேன். மயங்கி விழுந்ததில் அந்தக் குழந்தை தங்கவில்லை. என் கணவருக்குக் காயம்பட்ட சமயம் நான் மறுபடியும் நிறைமாசமாக இருந்தேன்.

"ஸ்ட்ரெச்சர்ல கெடக்கறான், பேச்சே வரல. என் சட்டைய பிடிச்சிகிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். 'பாய், தந்தி போகக் கூடாது, அவ தாங்க மாட்டா.' நானும் நம்ம ஊர்க்காரன்தானே, எனக்குத் தெரியாதா? வழுக்கி விழுந்தான்னு எழுதினேன். மேஜர் இருந்த நெலமைல எதையும் படிக்கல, கையெழுத்து போட்டுட்டாரு. ஆஸ்பத்திரில இவனும் அதையே சொல்லிட்டான். பின்னாடி மாத்திக்கலாம்னு நெனச்சோம். யூனிட்டு வேற எடத்துக்குப் போயிடுச்சு, எனக்கும் டிரான்ஸ்பர். அப்படியே போச்சு."

எனக்கு அப்போது வந்தது ஒரு கடிதம். வேறு யாரோ ஒருவர் கையெழுத்தில், கால் பிசகிவிட்டது, ஆஸ்பத்திரியில் நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று. நானும் கோவிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, பிறக்கப்போகிற பிள்ளைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதமே என் மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

பாய் வீட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாயின் மனைவி என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கணவரிடம் சொன்னார்: "எழுதிக் குடுத்துடுங்க. வர்றது வரட்டும்."

நான் முடிச்சூர் போனதைச் சொன்னதும் என் கணவர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் காலையில், "வழியெல்லாம் சேறா இருந்திருக்குமே, ஆட்டோல போயிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான் அந்தக் கோபம்.

பாய் எழுதிக் கொடுத்த பிறகு, சென்னையிலேயே ஒரு அலுவலகத்தில் இரண்டு பேரையும் நேரில் விசாரிக்க வரச்சொன்னார்கள். நானும் பாயின் மனைவியும் கூடப் போனோம். எங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் பாய் உள்ளே போனார், பிறகு என் கணவர். பாய் வீட்டு அக்கா தக்காளி சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இருவருக்கும் இறங்கவில்லை.

"உன் புருஷனுக்கு மெடலு, என் புருஷனுக்குக் கம்பி. நல்லா இருக்குடி ஞாயம்" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் உதடு பிரார்த்தனையில் அசைந்துகொண்டே இருந்தது. நான் சுருட்டிச் சுருட்டி என் முந்தானை நுனி கயிறு மாதிரி ஆகிவிட்டது.

கதவு திறந்தது. இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். பாய் முகத்தைப் பார்த்ததும் அக்கா எழுந்துவிட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"தனித்தனியா உக்கார வெச்சி கேட்டாங்க. குழி வாசல் எந்தப் பக்கம், ஸ்டவ் எங்க இருந்துது, யார மொதல்ல வெளிய எடுத்தீங்க. தோண்டினதுல நானும் ஒருத்தன்ல, சொன்னேன். இவன் சொன்னதும் சரியா இருந்துச்சாம். அப்புறம் கர்னல் கேட்டாரு, 'தெரிஞ்சேதான் பொய் எழுதினீங்களா?' ஆமா சார்னேன். ஏன்னு கேட்டாரு, சொன்னேன். பேனாவ உருட்டிக்கிட்டே இருந்தாரு. 'ரிட்டயர் ஆன உங்கள இப்ப என்ன பண்றது? கேன்டீன்ல வாங்கற ரம் கோட்டாவ வேணா நிறுத்தலாம்'னு சிரிச்சாரு. நான் குடிக்கறதே இல்ல சார், தாராளமா நிறுத்துங்கன்னேன்."

அக்கா இடுப்பில் கை வைத்தார். "குடிக்கறதில்லன்னா மாசா மாசம் வாங்கின கோட்டா எங்க போச்சு?"

பாய் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். கேன்டீனில் அவர்கள் குடித்தது டீ மட்டும் இல்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அந்த பெஞ்சிலேயே நாலு பேரும் தக்காளி சாதம் சாப்பிட்டோம்.

சில மாதங்கள் கழித்து உத்தரவு வந்தது. குண்டு வீச்சில் அந்தக் குழியில் இருந்தவர்கள் மூன்று பேர், அதில் உயிர் பிழைத்தவர் இவர் என்று திருத்தியிருந்தார்கள். என் கணவர் அதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பதக்கம் அதற்குப் பிறகு ஒரு சின்னப் பெட்டியில் வந்தது. அந்த மாதம் பிறந்த மகளே இப்போது வளர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள்தான் அதை அவர் சட்டையில் குத்திப் போட்டோ எடுத்தாள். அவர் கூச்சத்தோடு கழற்றிக் கொடுத்துவிட்டு, "கோவளத்துக்கு எப்ப போலாம்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். இந்த முறை நானும் கூட. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து குழந்தையே பிறந்திருந்தது. புடவையோடு குழந்தைக்கு ஒரு சட்டையும் எடுத்துக்கொண்டோம். அந்தத் தம்பிதான் வாசலில் இருந்தார். உத்தரவின் நகலை வாங்கி, ஆங்கிலம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் தாளைச் சரியாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்து போட்டார்.

"அன்னிக்கு தப்பா பேசிட்டேண்ணா. உள்ள வா."

அந்த அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. என் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்ட்டாரா?" என்று கேட்டார். "மண்ணுக்குள்ளேர்ந்து யாரையாச்சும் கூப்ட்டாரா?"

"இல்லம்மா. டீய எறக்கி வெக்கப் போனான். சக்கரை கம்மின்னு நான் சொன்னதுக்கு என்னத் திட்டினான். அதான் கடைசி. சத்தம் கேக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. நான் அவன் கைய பிடிச்சி, பேர சொல்லி எவ்வளவோ கூப்ட்டேன். ஒரு அசைவும் இல்ல. அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. வலியே இல்ல."

"திட்டினாரா?"

"கெட்ட வார்த்தையிலதான்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்ப அவருதான்" என்றார். "வேற யாரும் சொல்லியிருக்க முடியாது." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, நீளமாக மூச்சு விட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "வஞ்சிரம் வாங்கியாரச் சொல்லு. இவங்க சாப்ட்டுத்தான் போவாங்க" என்றார்.

சாப்பிட்டோம். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்த என் கணவர், கேளம்பாக்கம் வருவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். அப்படி அசந்து தூங்கி நான் பார்த்ததில்லை. தாம்பரம் வந்து எல்லோரும் இறங்கி, கண்டக்டர் வந்து பார்க்கும் வரை நான் அவரை எழுப்பவில்லை.