கடைசி மணிக்கு ஆள் வேண்டும்

திங்கட்கிழமை காலை நான் வர்த்தகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது பாடசாலை அதிபர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். அவர் வாசலில் வந்து நிற்கிற ஆள் இல்லை, ஆளனுப்பிக் கூப்பிடுகிறவர். “ஞானேஸ்வரி ரீச்சர் மோசம் போயிட்டா, மாஸ்டர். விடியப்புறம் நெஞ்சு நோகுது எண்டவவாம், உடனை உயிர் போயிட்டுதாம்” என்றார். கையிலிருந்த வெண்கட்டியை எங்கே வைத்தேனோ தெரியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ரீச்சர் வீட்டுப் பக்கம் போனேன். பாதி வழியில் திரும்பினேன். மறுபடியும் போனேன். எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. அதற்காக இத்தனை வருடமும் என்னை ஏசியவர் அவர்தான்.

கொக்குவிலில் எங்கள் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பித்தவர். அவரிடம் படித்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு மணியின் கதையைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அப்போது எங்களுக்கு மணி என்பது வேம்பில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடித்தவர் பியோன் கந்தையா அண்ணை. பள்ளிக்கூடம் விடும் மணியை அடிக்குமுன் அவர் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார், காது கொடுப்பார். இராணுவ ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால் அடிக்கமாட்டார். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. சிங்கப்பூரில் இருந்த பழைய மாணவர் ஒருவர், நேரத்துக்குத் தானாக ஒலிக்கும் மின்சார மணி ஒன்றைச் செய்து அனுப்பினார். உள்ளே மைக்ரோகொன்ட்ரோலர் என்ற கறுப்புச் சில்லு ஒன்று, மரவட்டை போல இரண்டு பக்கமும் கால்களோடு இருந்தது.

அன்றைக்கே சுவரில் கொழுவிவிட வேண்டுமென்று நான் நின்றேன். ரீச்சர் விடவில்லை. “விளங்காத சாமானைப் பிள்ளையளின்ரை தலைக்கு மேலை கொழுவேலாது, மாஸ்டர்” என்றார். நான் அதிபரைப் பிடித்துக் கொழுவுவித்தேன். நாலு நாள் ஒழுங்காக ஒலித்தது. பிறகு ஒருநாள் மத்தியானம் கறண்ட் போய் வந்ததும் காலை மணி அடித்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் எழுந்து, கைகூப்பி, தேவாரம் பாடத் தொடங்கிவிட்டார்கள்.

ரீச்சர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கழற்றிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனார். சில்லின் ஒவ்வொரு காலிலும் மீற்றரின் முனையை வைத்து, அது எங்கே போகிறது என்று படம் கீறினார். நான் நாளுக்குப் பத்துத் தரம் போய் எட்டிப் பார்த்தேன். “முடிஞ்சுதோ, ரீச்சர்?”

“உப்பிடி நடந்து திரிஞ்சால் எனக்குத் தலை சுத்துது. இருங்கோ.” இருந்தேன். “உதுக்குத் தெரிஞ்சது எண்ணுறது ஒண்டுதான். விடாமல் எண்ணும். எண்ணிக்கை வந்தவுடனை மணியைத் தட்டும். கறண்ட் போனால் எண்ணினதெல்லாம் மறந்துபோம். வந்தவுடனை உதுக்கு விடிஞ்சிடும்.”

மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றை இணைத்து அந்த மறதியை மாற்றினார். அதோடு விட்டிருக்கலாம். பள்ளிக்கூடம் விடும் நீண்ட மணிக்குச் சில்லில் தனியாக ஒரு கால் இருந்தது. அதிலிருந்து போன செம்புத் தடத்தைப் பிளேட்டால் அறுத்து, நடுவில் அமுக்குகிற ஆளி, ஒரு சுவிச்சு, போட்டார். நேரம் வந்தால் அதிபரின் அறையில் சிவப்பு விளக்கு எரியும். யாராவது முற்றத்தில் இறங்கி வானத்தைப் பார்த்துவிட்டு வந்து ஆளியை அமுக்கினால்தான் மணி ஒலிக்கும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அப்ப உதுக்கேன் ஒட்டோமற்றிக் எண்டு பேர்?” என்று கேட்டேன்.

“உள்ளுக்கை கூப்பிட மெசின் போதும், மாஸ்டர். வெளியிலை விட ஆள் வேணும்.”

அடுத்த பள்ளித் தவணையில் ஒருநாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே போய்ப் பார்த்த ரீச்சர் திரும்பி வந்து, ஆளியைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். தெற்கே ஹெலிச் சத்தம். பிள்ளைகள் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மணிக்காகக் காத்திருந்தார்கள். என் மகள் ஆறாம் வகுப்பு; வாசல் படலைக்குப் பக்கத்து வகுப்பு. மணி ஒலித்தால் முதலில் வீதிக்கு ஓடுகிறவள் அவள்தான். நான் விறாந்தையில் மேலும் கீழும் நடந்தேன்.

“நேரம் போட்டுது, ரீச்சர். தாய் தேப்பன் தேடப்போகுதுகள்” என்றார் அதிபர்.

“தேடட்டும், சேர்.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, ஹெலி தாழ வந்து வீதியை நீளத்துக்குச் சுட்டுக்கொண்டு போனது. படலைத் தூணில் சீமெந்து பெயர்ந்து விழுந்தது. வீதியில் ஒரு பிள்ளையும் இல்லை. எல்லோரும் மேசைகளுக்குக் கீழே கிடந்தார்கள். சத்தம் ஓய்ந்த பிறகும் ரீச்சர் அவசரப்படவில்லை. முற்றத்தில் இறங்கி நெடுநேரம் அண்ணாந்து நின்றுவிட்டு வந்துதான் அமுக்கினார். மகள் ஓடிவந்து, “ஏனப்பா இண்டைக்கு மணி பிந்தினது?” என்று கேட்டாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

பிறகு யாழ்ப்பாணத்துக்கே கறண்ட் இல்லாமல் போயிற்று. பெட்டி அலுமாரிக்குள் போனது, தண்டவாளத் துண்டு மறுபடியும் வேம்பில் ஏறியது. ஆனாலும் கடைசி மணிக்கு முன் ரீச்சர் முற்றத்துக்கு வருவார். அவர் தலையசைத்த பிறகுதான் அடிப்போம். போன வெள்ளிக்கிழமையும் தலையசைத்தார்.

செவ்வாய்க்கிழமை அவருடைய பூதவுடலைப் பாடசாலை வாசலுக்குள் இறக்கி வைத்தார்கள். பிள்ளைகள் இரு பக்கமும் வரிசையாக நின்றார்கள். புறப்படும் நேரம் வந்ததும் அதிபர் என்னிடம், “மாஸ்டர், நீங்கள் அடியுங்கோ” என்றார்.

வேம்படிக்குப் போனேன். மணி அடிக்கிற கம்பியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். காது கொடுத்தேன். எங்கும் ஒரு சத்தமும் இல்லை. ஒரு ஹெலியாவது நின்றிருந்தால், ரீச்சர், இன்னும் கொஞ்ச நேரம் உங்களை உள்ளே வைத்திருந்திருப்பேன். வானம் வெறுமையாகக் கிடந்தது. அடித்தேன். போயிட்டு வாங்கோ.