வெட்டா, தையலா?

ஊசி குத்தாத விரல் நம் தையல் தொழிலில் கிடையாது. எனக்கு ஒரு சொல்லும் குத்தியிருக்கிறது. ராஜபாளையத்தில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். வாசல் போர்டில் 'லேடீஸ் டெய்லர்' என்றுதான் போட்டிருக்கும். உங்கள் கடையிலும் அப்படித்தானே?

நம்ம ஊர்ச் சொல்

தையல், தையலர், அதுவே வெள்ளைக்காரன் வாயில் டெய்லர் ஆகிவிட்டது. இப்படித்தான் வெகுநாள் நம்பியிருந்தேன், கடைக்கு வருகிறவர்களிடமும் பெருமையடித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆங்கிலம் நடத்தும் ஸ்டெல்லா டீச்சர் சுடிதாருக்கு அளவு கொடுத்துக்கொண்டே அதைக் கேட்டார். டெய்லர் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, வெட்டுகிறவர் என்று பொருள், தைப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை என்றார். என் முகம் தொங்கிவிட்டது. டீச்சருக்கே பாவமாகப் போயிற்று. "விடுங்கக்கா, வெட்டாம எப்படித் தைக்க?"

பட்டுச்சேலை

நான் சும்மா இருந்திருக்கலாம். புதிதாகத் தெரிந்துகொண்டதை வத்திராயிருப்பிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் அளந்துவிட்டேன். பட்டுச்சேலையின் ஓரத்தோடு சேர்ந்திருக்கும் ஜாக்கெட் துணியைப் பிரிக்கத்தான் கத்தரியை எடுத்தேன். அவர் சேலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். "வேண்டாம் தாயி. தைக்க மட்டும் செய்ற ஆளாப் பாத்துக்கிடுதேன்."

பேச்சியம்மா அக்கா

சுந்தரபாண்டியம் பேச்சியம்மா அக்கா என் பழைய வாடிக்கை. மதுரையில் ஆபரேஷன் செய்து அவருடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க வந்தவர், அந்த வெயிலிலும் துண்டைப் போர்த்தியிருந்தார். "சும்மா ஒண்ணு தச்சுக் குடு. மேடைக்கு நான் ஏறல. பின்னால உக்காந்துக்கிடுதேன்" என்றார். பெற்றவள் பின்னால் உட்காருவதா? அளவெடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், டெய்லர் கதையை வளவளவென்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஜாக்கெட்டின் உள்ளே இடது பக்கம் ஒரு பை வைத்துப் பஞ்சைத் திணித்தேன். ஒருதரம் மேலே ஏறியது, ஒருதரம் கீழே இறங்கியது. பிரித்தேன், மறுபடி தைத்தேன். கடைசியில் போட்டுப் பார்த்தவர் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

கல்யாணத்தன்று மேடையில், மகள் பக்கத்திலேயே நின்றார், துண்டு இல்லாமல். வாழ்த்தப் போன என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னார்: "வெட்டுனது மதுர டாக்டரு. அப்ப டெய்லரு அவியதான். ஏட்டி, நீ தையல்காரி."

இன்றைக்கும் என்னை அப்படிக் கூப்பிடுபவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் நான், சொன்ன தேதிக்குத் துணி தராதவள்.