பெரியப்பா நடந்த ஆறு நிமிடம்

தேர்த் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெரியப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்குப் பத்து வயது. பெரியம்மாவுக்குத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை. எனக்குப் பள்ளி விடுமுறை, கொஞ்சம் சிங்களமும் வாசிப்பேன். அவ்வளவுதான் தகுதி.

பெரியப்பா தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தூள் சலித்தவர், சுருட்டும் குடித்தவர். இரண்டும் சேர்ந்து நெஞ்சில் இளைப்பாகத் தங்கிவிட்டன. ஆனால் தேருக்கு முன்னால் தப்பு மேளம் அடித்துக்கொண்டு மலைமேல் இருக்கும் மேல் லயத்து வீடுகள்வரை ஏறுவது வருஷா வருஷம் அவர்தான்.

"டாக்டரு சரின்னு சொன்னாத்தான் இந்த வருஷம் தப்பைத் தொடணும்" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். ஆகவே எங்களுக்கு ஆஸ்பத்திரிப் பயணமே பரீட்சை.

ஆஸ்பத்திரியின் நீண்ட விறாந்தையில் இரண்டு முனையிலும் செம்மஞ்சள் கூம்புகள் வைத்திருந்தார்கள். மூச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் பெரியப்பாவின் விரலில் கிளிப் ஒன்றை மாட்டினார்.

"ஆறு நிமிஷம் நடங்க ஐயா. ஓட வேணாம். மூச்சு வாங்கினா நில்லுங்க. ஆனா கடிகாரம் நிக்காது."

பெரியப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தியவர்போலப் பாய்ந்தார். நான் பெஞ்சில் ஏறிச் சுற்றுகளை எண்ணினேன். ஐந்தாவது சுற்றில் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று, இடுப்பில் கையூன்றி, வெகு அக்கறையாக வாசிக்கத் தொடங்கினார். எனக்கு அழுகையே வந்தது. பரீட்சை நடுவில் யாராவது நோட்டீஸ் படிப்பார்களா? ஓடிப்போய்ச் சிங்களத்தை மொழிபெயர்த்தேன்.

"கர்ப்பிணித் தாய்மாருக்குப் புதன்கிழமை கிளினிக்காம் பெரியப்பா! நமக்கில்ல, நடங்க!"

விறாந்தையே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்து, அது இருமலாகி, ஒருவழியாக அடங்கியது. மிஸ் என் தோளைப் பிடித்து, "அவர் படிக்கல்ல மகள், மூச்சு எடுக்கிறார்" என்றார். மிச்ச நேரம் பெரியப்பா மெல்லத்தான் நடந்தார்.

"பாஸா மிஸ்?" என்று கேட்டார் பெரியப்பா.

"இதுல பாஸ், ஃபெயில் இல்ல ஐயா. எவ்வளவு முடியும்னு பாக்குறதுதான்."

மிஸ் எழுதிக் கொடுத்த தாளை டாக்டர் பார்த்தார். நான் தேர் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"தேர் நிக்காம போகுமா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க. ஒவ்வொரு லயத்துலயும் நின்னு தேங்காய் உடைப்பாங்க."

"அப்ப, நிக்கிற இடத்துல எல்லாம் இவர் உக்காரணும். அங்க மட்டும் அடிக்கட்டும். நடக்கிறப்ப தப்பை வேற யாராவது தூக்குங்க."

திருவிழா அன்று தப்பைத் தூக்கியது நான்தான். அவ்வளவு மெதுவான தேரை நான் கண்டதே இல்லை. வீடே இல்லாத வளைவுகளிலும் நின்றது. வடம் பிடித்த அண்ணன்மார் தடவைக்கொரு காரணம் சொன்னார்கள்: கயிறு இளகிவிட்டது, சக்கரத்தில் கல், சாமி மாலை சரிந்துவிட்டது. நின்ற இடமெல்லாம் பெரியப்பா சாவகாசமாகக் கல்லில் உட்கார்ந்து, மூச்சு ஆறியதும் என்னிடமிருந்து தப்பை வாங்கி வெளுத்துக்கட்டினார்.

மேல் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்தாயிற்று. பசி தாங்காமல் பெரியம்மாவிடம் முறையிட்டேன்: "இந்த அண்ணன்மாருக்குத் தேர் இழுக்கவே தெரியல்ல."

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆமாடி, ஒன்னும் தெரியாத பயலுங்க" என்றார். பிறகு பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே அவர்களிடம் போய், ஆளுக்கு இரண்டு தம்ளர் ஊற்றினார். வேலை தெரியாதவர்களுக்கு எதற்கு இரண்டு தம்ளர் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.