இருபது நிமிடக் குளிர்

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ஜில்லு அண்ணன். கார் ஏசி மெக்கானிக்குக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? ஆரம்பத்தில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வாரமாகத்தான் இப்படி. மூன்று மாதத்துக்கு முன் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் பட்டறைக்குள் வந்ததில் ஆரம்பித்தது.

கல்யாணமான புதிதில் அவர் கார்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நல்ல கை. எங்களுக்கு ஒரே பெண். பிறந்த முதல் வருடம் முழுக்க அவளுக்குக் காய்ச்சல். டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்தோம், ஆளுக்கொரு மருந்து கொடுத்தார்கள். கடைசியில் ஒரு வயதான டாக்டர் குழந்தையின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவளுக்கு வேர்க்காதும்மா. வேர்வைச் சுரப்பியே இல்லாம பிறந்திருக்கா" என்றார். வேர்க்காவிட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன். அவ்வளவு விவரம் கெட்டவள் நான். "வேர்வைதான் உடம்போட ஏசி. உங்க பொண்ணுக்கு அது இல்ல. வெயில்ல அரை மணி நேரம் மாட்டினா உயிருக்கே ஆபத்து" என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

என் வீட்டுக்காரர் அடுத்த வாரமே பெயின்ட் வேலையை உதறிவிட்டு ஒரு ஏசி பட்டறையில் போய்ச் சேர்ந்தார். வயது இருபத்தெட்டு. தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத் தொழில் கற்றுக்கொண்டார். கிண்டல் பண்ணினார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் கரன்ட் போய்விட்டது. ஆயா போன் பண்ணி, இவர் போய்ச் சேர்வதற்குள் குழந்தை கண் செருகிக் கிடந்தாள். தூக்கிக்கொண்டு எதிர்க் கடைக்குள் ஓடி, கூல்டிரிங்ஸ் பெட்டியைத் திறந்து, பாட்டில்களைத் தரையில் வாரிக் கொட்டிவிட்டு, அவளை அதற்குள் உட்கார வைத்துவிட்டார். கடைக்காரர் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. நான் போனபோது குழந்தை பெட்டிக்குள் உட்கார்ந்து பற்கள் அடித்துக்கொள்ள அழுதுகொண்டிருந்தாள். இவர் பெட்டியின் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நடுக்கம் அன்றோடு நின்றது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குள் அவர் சொந்தப் பட்டறை போட்டிருந்தார், அதற்கு மேலே எங்கள் வீடு, இரண்டு அறை. ஒன்றில் ஏசி இரண்டு மாட்டினார். ஒன்று ஓடும், மற்றது காத்திருக்கும். கரன்ட் போனால் பேட்டரி, பேட்டரி போனால் ஜெனரேட்டர். வேலை நடுவில் கரன்ட் நின்றால் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடிவிடுவார். அந்த அறையில் இருந்தபடியே அவள் படித்தாள், தபாலில் பட்டமும் வாங்கினாள். செடிகளைப் பற்றிய படிப்பு. வெயிலில் ஐந்து நிமிடம் நிற்க முடியாதவளுக்கு வேறு படிப்பே கிடைக்கவில்லையா என்று கேலி செய்வேன். "ஜன்னல்ல இருந்து பாத்தா அதுங்கதான்மா தெரியுது" என்பாள். சுருக்கென்று இருக்கும். அதற்குமேல் கேலி வராது.

இருபத்து மூன்று வயதில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே விதைகளைச் சேமித்து வைக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. வருடம் முழுக்க உள்ளே குளிர். விதைகளை எண்ணி, சோதித்து, உறையில் போட்டு எழுதி வைக்க வேண்டும். இவளுக்கென்றே யாரோ கட்டி வைத்த மாதிரி ஒரு இடம். கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்குள் குதித்தாள், இருபத்து மூன்று வயதுக் கழுதை. சிக்கல் ஒன்றுதான். நிலையம் நாற்பது நிமிட தூரம். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. தினமும் வாடகைக் கார் என்றால் சம்பளம் அதற்கே போய்விடும். எங்களிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர்.

அந்த நேரத்தில்தான் பழைய ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் தலையில் கட்டினார் ஒரு வாடிக்கையாளர். வெளிநாட்டில் குடியேறப் போகிறவர். "ஜில்லு, இதை நீயே வச்சுக்க. ஓடும். ஆனா ஏசி மட்டும் யாராலயும் சரி பண்ண முடியல" என்றார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. உட்கார்ந்தால் பின்பக்கம் ரோட்டில் உரசுகிற உயரம். பின்னால் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடி, அதன் வழியே வெயில் பிடரியில் இறங்கும். ஏசி இல்லாமல் அதில் போவது அடுப்புக்குள் உட்கார்ந்து போவதுதான்.

மகள் மாடிப் படியில் நின்றே அதைப் பார்த்துவிட்டாள். "அப்பா, இது எனக்கு." ஒற்றைக் காலில் நின்றாள். ஓட்டக் கற்றுக்கொண்டது மழை மாதத்தில், தெரிந்தவர் காரில். லைசென்ஸும் வாங்கியாயிற்று. வேலையில் சேர இரண்டு மாதம் இருந்தது.

இவர் வேலையை ஆரம்பித்தார். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏசி பார்ப்பது சாமானியமான காரியம் இல்லை. குளிர் தருகிற குழாய்ச் சுருள், காயில் என்பார்கள், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைத் தொட வேண்டுமென்றால் ஸ்டியரிங், சீட்டு, மீட்டர், டேஷ்போர்டு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சீட்டு இருந்த இடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டி வைத்திருப்பார். வெயில் தாழ்ந்ததும் மகள் இறங்கி வந்து ஸ்க்ரூக்களை ஐஸ்கிரீம் கப்புகளில் போட்டு ஒவ்வொன்றிலும் எதற்குரியது என்று எழுதி ஒட்டுவாள். காயிலில் ஊசி முனை அளவு ஓட்டை. புதியது எங்கும் கிடைக்கவில்லை. பற்ற வைத்து அடைத்தார். பழைய கேஸ் இப்போது வருவதில்லை என்பதால் புது கேஸுக்குத் தோதாக வேறு காரின் கம்ப்ரசரை வாங்கி, அதற்குக் கையாலேயே தாங்கி செய்து பொருத்தினார். அந்த இரண்டு மாதம் அப்பாவும் மகளும் சிரித்த சிரிப்பு மாடி வரை கேட்கும்.

கடைசியில் மாற்ற வேண்டியது டிரையர். கையில் அடங்குகிற ஒரு உருளை. அதற்குள் ஈரத்தை உறிஞ்சுகிற மணிகள் இருக்கும். பைப்பைத் திறந்து காற்று உள்ளே போய்விட்டால் புது டிரையர் போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரு சொட்டு ஈரம் உள்ளே தங்கி, கேஸ் போகிற சின்னத் துவாரத்தில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பட்டறையில் போன் எடுப்பதும் பார்ட்ஸ் அலமாரியைப் பார்த்துக்கொள்வதும் நான்தான்.

"டிரையர் மாத்தியாச்சா?" என்று கேட்டேன்.

"அதை மாத்தாம விடுவேனா? எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார்.

வேலையில் சேர வேண்டிய காலை. டிரைவர் சீட்டில் மகள், பக்கத்தில் அவர். பட்டறையில் பத்து நிமிடம் ஓட விட்டார்கள், என் கைமுட்டி வரை சிலிர்த்தது. கிளம்பும்போது பார்க்கிறேன், அவர் காலடியில் ஒரு ஐஸ் பெட்டி. உள்ளே நனைத்த துண்டுகள், ஆறு பாட்டில் தண்ணீர். தன் வேலையில் இத்தனை நம்பிக்கை உள்ள மனுஷனுக்கு இது எதற்கு என்று ஒரு நொடி தோன்றியது. அப்பா என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். அவர் ஓட்டி வந்தார். மகள் தலையிலும் தோளிலும் ஈரத் துண்டு, முகம் செக்கச் சிவந்திருந்தது. கைத்தாங்கலாக மாடிக்குக் கொண்டுபோனோம். "கம்ப்ரசர் போச்சு. இதுக்கு இனிமே பார்ட் கிடைக்காது. வேற வழி பண்ண வருஷம் ஆகும்" என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கிப் போனார்.

மறுநாள் அவளே நிலையத்துக்குப் போன் பண்ணி வரமுடியாது என்று சொன்னாள். குரல் உடையவில்லை. போனை வைத்துவிட்டு, வாங்கி வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். நான்தான் சமையலறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஊருக்கெல்லாம் குளிர் கொடுக்கிற மனுஷன் பெற்ற பெண்ணுக்குக் கொடுக்க முடியவில்லையே என்று அவரை நினைத்தும் அழுதேன். அதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

போன வாரம் அவளிடம் கேட்டேன், அன்றைக்கு என்னதான் ஆயிற்று என்று. "இருபது நிமிஷம் ஜில்லுன்னு இருந்துச்சும்மா. அப்புறம் சுத்தமா நின்னுடுச்சு. ஓரமா நிறுத்தினோம். கால் மணி நேரம் கழிச்சுப் போட்டா மறுபடியும் வந்துச்சு. கொஞ்ச தூரம் போனதும் திரும்ப நின்னுடுச்சு" என்றாள்.

இருபது வருடம் போன் எடுத்தவள் நான். கெட்டுப்போன கம்ப்ரசர் கால் மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வராது. வந்து வந்து நிற்கிறது என்றால் உள்ளே ஈரம்.

பார்ட்ஸ் அலமாரியைத் தலைகீழாகப் புரட்டினேன். கீழ்த் தட்டில், பழைய ஹோஸ்களுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி இருந்தது புது டிரையர். இரண்டு முனையிலும் ரப்பர் மூடிகூட எடுக்கவில்லை. காரில் இருந்தது பழையது. இரண்டு மாதம் வாயைத் திறந்துகொண்டு ஈரக் காற்றில் கிடந்தது.

அவர் ஒரு வேன் பானட்டுக்குள் குனிந்திருந்தார். அவர் எதிரே டிரையரை வைத்தேன். பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"இல்ல."

"நீங்க பெத்த பொண்ணு அவ!"

"நான் பக்கத்துல இல்லாத அன்னிக்கு நின்னுடுச்சுன்னா?"

"நல்லாப் பண்ணியிருந்தா எதுக்குங்க நிக்கப் போகுது?"

"எவ்வளவு நல்லாப் பண்ணினாலும் ஒரு நாள் நிக்கும்." கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணியில் துடைக்க இடம் இல்லை. "இந்தப் பட்டறைக்கு வர்றதெல்லாம் நின்னுபோனதுதானே? ஒண்ணாவது நிக்காதது வந்திருக்கா? அந்த ரோட்டுல ஒரு கடைகூட இல்ல. போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஒரு மரம்கூட இல்ல." பிறகு மெல்ல, "நான் கூட இருக்கும்போதே ஒரு தடவை நின்னு அவளுக்குப் பயம் வந்துட்டா, அவளே வேணாம்னு சொல்லிடுவான்னு நெனச்சேன். சொல்லிட்டா" என்றார்.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பாவி என்றேன். பெண்ணைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாய் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசையில் தங்கியது. அதைத் துடைக்கவும் இல்லை. எனக்கு இரக்கம் வரவில்லை.

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறினேன். அரை மணி நேர வேலை. புது டிரையரைப் போட்டால் வண்டி தயார். நிலையத்தில் இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று இவளே சொல்லியிருந்தாள். இன்றைக்கே போன் பண்ணலாம்.

மகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து நிலையத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "கீழ என்னம்மா சத்தம்? அப்பாவைத் திட்டாதம்மா. வண்டி நின்னப்போ என்னை மடியில சாச்சுக்கிட்டு அழுதாரு. 'மன்னிச்சிடு மன்னிச்சிடு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவர் என்ன தப்பு பண்ணினாரு, பாவம்" என்றாள்.

வாயைத் திறந்தேன். நிழலே இல்லாத அந்த ரோடு கண்முன் வந்தது. ஓரமாக நின்றுபோன கார், அதற்குள் இவள் மட்டும். இன்று சாயங்காலம் இவள் இந்தக் கட்டிலில்தான் இருப்பாள், நாளைக்கும் இங்கேதான் இருப்பாள் என்று நினைத்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. இத்தனை நேரம் கீழே கத்திவிட்டு வந்தவளுக்கு நிம்மதி! என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது போகவில்லை.

"என்னம்மா, ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

"அடுத்த வருஷமாவது வண்டி ரெடியாயிடும்ல?"

"ஆயிடும்" என்றேன்.

வெளியே வந்து, குளிர் போய்விடக் கூடாதே என்று கதவை இறுக்கிச் சாத்தினேன்.